ஐயருக்கு அவர் வீட்டுக்காரர் எழுதுவது

சனிக்கிழமை காலை நம்ம பழைய ஆயர் இல்லத்துக்குள் கால் வைத்ததும் பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. எனக்கு அந்த வாசனை ஆகாது, அடுக்கடுக்காகத் தும்மல் வரும், உனக்குத் தெரியும். அன்றைக்குத் தும்மிக்கொண்டே சிரித்தேன். சிரித்துக்கொண்டே சட்டைப் பையில் போனைத் தேடினேன். உன் நம்பரைப் போட்டு, "ஏய், இதக் கேளு" என்று ஆரம்பிக்கக் கை பரபரத்தது. போன் கைக்கு வந்த பிறகுதான் நீ இல்லாதது ஞாபகம் வந்தது. சரி, சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட முடியுமா? அதனால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். தண்ணீர்க் குழாய் எந்தச் சுவருக்குள் எப்படிப் போகிறது என்று நமக்குப் பிறகு அங்கே யாருக்கும் தெரியவில்லையாம். "சார், ஒரு எட்டு வந்து காட்டிட்டுப் போங்க" என்று நம்ம பெண்கள் சங்கத்து ரெபேக்காள் அத்தை போன் செய்தார்கள். சிதம்பரத்தில் பஸ் ஏறி, கீரப்பாளையத்தில் இறங்கி, நம்ம கிராமத்துக்கு ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தேன். சமையல்கட்டில் பெயின்டர் ஒருத்தன் ஏணியில் நின்றுகொண்டிருந்தான். கிழக்கே ஏதோ ஊர்க்காரன், நம்ம சபை ஆள் இல்லை. அவன் அத்தையிடம் கேட்டான்:

"அடுப்பு பக்கம் என்ன கலரு அடிக்கிறது? புது ஐயரம்மா வந்து பாத்து சொல்லிட்டாங்கன்னா நல்லாருக்கும்."

நம்ம சபைகளில் ஆயரை ஐயர் என்பார்கள், அவர் மனைவியை ஐயரம்மா என்பார்கள். அவன் அந்தக் கணக்கில் கேட்டிருக்கிறான். அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஐயரம்மான்னு யாரும் வரல தம்பி. ஐயரே அம்மாதான்."

அவன் கையிலிருந்த பிரஷ் அப்படியே நின்றுவிட்டது. ஒரு சொட்டு பெயின்ட் என் செருப்பில் விழுந்தது.

"அப்ப சமையல்கட்டு?"

"அதுல அவுங்களும் சமைக்கலாம், நீயும் சமைக்கலாம். வெள்ளை அடி."

உனக்குப் புரிகிறதா என்ன சொல்கிறேன் என்று? நம்ம சபைக்கு, அந்தச் சபைக்கு, மறுபடியும் ஒரு பெண் ஆயர் வந்திருக்கிறார். யாரும் திணிக்கவில்லை. அவர்களே கேட்டு வாங்கியிருக்கிறார்கள்!

மகளுக்குச் சென்னைக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஆபீஸில் இருக்கிறோம் என்பதையும் மறந்து "அப்பா!" என்று கத்திவிட்டாள்.

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கடலூர் வீட்டில் நீ சொன்னதைத்தான் பஸ்ஸில் திரும்பும்போது நினைத்துக்கொண்டு வந்தேன். அப்போது நீ செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியில் லேப் வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். பெரியவர்கள், "ரெண்டு பேரும் கொஞ்சம் பேசிக்கங்க" என்று வாசலுக்கு அனுப்பினார்கள். நான் கால்நடை ஆய்வாளர் வேலையைப் பற்றி, மாடு எப்படி உதைக்கும் என்பதைப் பற்றி, ஏதோ உளறினேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாய்:

"நான் இந்த வேலையில ரொம்ப நாள் இருக்க மாட்டேன். இறையியல் படிக்கப் போறேன். ஆயர் ஆகணும்."

"நம்ம சபையில பொம்பளைங்கள ஆயரா வைக்கிறதில்லயே?"

"இப்ப இல்ல."

அந்த 'இப்ப'வை நீ சொன்ன விதம் இருக்கிறதே! பஸ் இன்னும் வரவில்லை என்பது போலச் சொன்னாய். வரும் என்பதில் உனக்குச் சந்தேகமே இல்லை. நான் வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், "நீங்க ஐயர் ஆயிட்டா அப்ப நான் யாரு?" என்று கேட்டேன்.

"ஐயரம்மா" என்றாய். சொல்லிவிட்டு நீயே முதலில் சிரித்தாய். உள்ளேயிருந்து உங்கள் அப்பா எட்டிப் பார்த்தார். அந்த இடத்திலேயே நான் முடிவு பண்ணிவிட்டேன்.

நீ படித்து முடித்து வந்த பிறகு நடந்ததுதான் நீளம். பட்டம் இருந்தது, ஆயர் அங்கி இல்லை. கடலூர் சபையில் உன்னை ஓய்வுநாள் பள்ளிக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் பொறுப்பாகப் போட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பெண்கள் ஞாயிறு வரும். அன்றைக்கு மட்டும் நீ பேசலாம். அதுவும் பிரசங்க பீடத்தில் ஏறி அல்ல. கீழே ஒரு சின்ன மேசை போட்டு, அதில் ஒரு பூந்துணி விரித்து, அங்கே நின்று பேச வேண்டும். நீ பேசி முடித்ததும் எல்லாரும் வந்து கை கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து, தலையில் இருந்த பூவை எடுத்துக்கொண்டே நீ சொன்னதை நான் மறக்கவில்லை:

"கவனிச்சீங்களா? ஐயர் பேசுனா 'பிரசங்கம் நல்லா இருந்துச்சு ஐயரே'ன்றாங்க. நான் பேசுனா 'சாட்சி நல்லா இருந்துச்சும்மா'ன்றாங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்னா ஏன் ரெண்டு பேரு வெச்சிருக்காங்க?"

உன் வகுப்பில் படித்த ஆண்கள் ஒவ்வொருவராக ஆயர் அபிஷேகம் பெற்று ஒவ்வொரு ஊராகப் போனார்கள். ஒவ்வொரு ஆராதனைக்கும் நீ புதுப் புடவை கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் நின்று பாட்டுப் பாடிவிட்டு வந்தாய். வீடு வந்ததும், "நல்ல ஆள். நல்லா செய்வாரு" என்பாய். பொறாமையாகச் சொன்னதில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக வரும்.

அப்புறம் அந்த நாள்! பெண்களுக்கும் ஆயர் அபிஷேகம் தரலாமா என்று திருச்சபையின் பொதுக்குழு ஓட்டெடுக்கப்போகிறது என்று தெரியும். தெரிந்தும் நான் வேலைக்குப் போயிருந்தேன், வீட்டில் உட்கார்ந்திருந்தால் நகத்தைக் கடித்தே தீர்த்திருப்பேன். ஒரு விவசாயி வீட்டுக் கொட்டகையில், மாடு சினையா என்று பார்ப்பதற்காக முழங்கைக்கு மேல் உறை போட்டுக் கையை உள்ளே விட்டிருந்தேன். போன் அடித்தது. அந்த வீட்டுக்காரரே என் பையிலிருந்து எடுத்து என் காதில் வைத்தார்.

"எங்க இருக்கீங்க?"

"கை மாட்டுக்குள்ள இருக்கு. அப்புறம் பேசவா?"

"எடுக்காதீங்க! அப்படியே கேளுங்க! பாஸ் ஆயிடுச்சு!"

நான் போட்ட சத்தத்தில் மாடு துள்ளியது. வீட்டுக்காரர் பயந்துபோய், "என்ன சார், பேரனா?" என்றார். எனக்கு அப்போது பேரன் எடுக்கும் வயதா! "இல்லீங்க, எங்க வீட்டம்மா ஐயர் ஆவப்போறாங்க" என்றேன். அவர் வெகுநேரம் யோசித்தார். "ஐயராவா? அது பொறப்புல வர்றதில்ல சார்?" என்றார். மாட்டைக் கட்டிவிட்டு, கை கழுவிவிட்டு, மோர் குடித்துக்கொண்டே அவருக்கு விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "படிச்சவங்கதானே? அப்ப செய்யட்டுமே." அவ்வளவுதான். பொதுக்குழு அத்தனை வருஷம் பேசியதை அந்த மனுஷன் ஒரு டம்ளர் மோரில் முடித்துவிட்டார். மாடும் சினைதான், சொல்ல மறந்துவிட்டேன்.

உனக்கு முதல் சபையாகக் கீரப்பாளையம் பக்கம் இந்தக் கிராமத்தைக் கொடுத்தார்கள். நானும் கீரப்பாளையம் கால்நடை மருந்தகத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். ஊரே வயல். கோயில் சின்னது. முன்னால் பெரிய புங்கமரம். சபையின் செயலர் ஆசீர்வாதம் மாமா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வேதத்தை மனப்பாடமாக வைத்திருந்த மனுஷன். நம்மை வரவேற்க வந்து எனக்கு மாலை போட்டார்! உன்னைப் பார்த்து, "வாங்கம்மா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

முதல் ஞாயிறு. நீ வெள்ளை அங்கியில் பீடத்தின் படியில் கால் வைத்ததும் மாமா எழுந்தார். அவர் பின்னால் ஆண்கள் வரிசையில் பாதி எழுந்தது. கோபமாக அல்ல, சத்தமில்லாமல், வரிசையாக வெளியே போய்ப் புங்கமரத்தடியில் நின்றுகொண்டார்கள். உள்ளே பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை ஓடிப்போய் வெளியே இருக்கிற ஒலிபெருக்கியின் சுவிட்சில் கை வைத்தார். நீ பீடத்திலிருந்தே சொன்னாய்:

"அத அணைக்காதீங்கண்ணே. வெளிய நம்ம ஆளுங்க இருக்காங்க."

பிறகு வேதத்தில் வருகிற, கிணற்றடியில் குடத்தைப் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடிச் சேதி சொன்ன பெண்ணைப் பற்றிப் பேசினாய். எனக்கு ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் குதித்தேன். எழுதிப் புகார் கொடுக்கலாம், பேராயரைப் பார்க்கலாம் என்றெல்லாம் பேசினேன். நீ அங்கியைக் கழற்றி ஹேங்கரில் மாட்டிக்கொண்டே, முகமெல்லாம் மினுமினுக்க என்னைப் பார்த்தாய்.

"வெளிய போனாங்க சரி. வீட்டுக்குப் போவல, பாத்தீங்களா? கடைசி ஆசீர்வாத ஜெபம் வரைக்கும் நின்னாங்க! ஒருத்தர் கூட வீட்டுக்குப் போவலங்க!"

அதைக் கொண்டாட உனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த மாதமே பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். அதில் பெரிய சிக்கல் வந்தது. சங்கத்துக்குத் தலைவர் ஐயரின் மனைவி என்பது சபை விதி. ஐயருக்கு மனைவி இல்லை, புருஷன்தான் இருக்கிறான். ரெபேக்காள் அத்தை, ஆசீர்வாதம் மாமாவின் மனைவிதான், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "விதிப்படி சார்தான் தலைவர்" என்றார்கள். கூட்டமே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது. என்னை இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் என் முதலும் கடைசியுமான உத்தரவைப் போட்டேன்: "தலைவர் பதவிய ரெபேக்காள் அத்தைகிட்ட ஒப்படைக்கிறேன்." கொடுத்த காபி ஆறுவதற்குள் என் ஆட்சி முடிந்துவிட்டது. அத்தை அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்து ஜெபம் கூடச் செய்ததில்லையாம். அன்றைக்கு முதல் தடவையாகச் செய்தார்கள். நாலு வரிதான். முடித்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார்கள்.

மாமா விஷயம் அப்படியே இருந்தது. வாரா வாரம் மரத்தடி. ஆயர் கையால் அப்பம் வாங்க வேண்டிய திருவிருந்து அன்றைக்கு மட்டும் சிதம்பரம் போய் அங்கே வாங்கிக்கொண்டு வருவார். ஆனால் அவர் பசுவுக்குக் காய்ச்சல் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார். ஒரு தடவை நானும் வருகிறேன் என்று நீயும் கூட வந்துவிட்டாய். நான் கொட்டகையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். நீ வாசலில் அவர் எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாய்.

"மாமா, என்மேல என்ன கோவம்?"

"கோவம்லாம் இல்லம்மா. உன்ன எனக்குப் புடிக்குது. சபையில பொம்பளைங்க பேசக் கூடாதுன்னு வேதத்துல பவுல் எழுதிட்டாரு. நான் என்ன பண்ணட்டும்?"

"அதே பவுல் ரோமாபுரி சபைக்கு எழுதுனத எடுத்துக்கினு போனது ஒரு பொம்பளைன்னு நம்புறவங்க இருக்காங்க, மாமா. கடைசியில வாழ்த்து சொல்ற எடத்துல அவுங்க பேர முதல்ல போட்டு, நல்லா வரவேற்கணும்னு எழுதியிருக்காரு."

"எடுத்துக்கினு போனா சரி."

"ஆண்டவரோட கல்லறை காலியா இருக்குன்னு முதல்ல யாரு வந்து சொன்னாங்க?"

மாமா கொஞ்சம் திணறினார். "பொம்பளைங்கதான். ஆனா அவுங்க சேதி சொன்னாங்க. பிரசங்கம் பண்ணல."

நீ நாற்காலி ஆடும்படி சிரித்தாய். "மாமா! சேதி சொல்றதுக்குப் பேருதான் பிரசங்கம்!"

அவருக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "நீ கெட்டிக்காரி. ஜாஸ்தியா பேசுனா நான் மாறிடுவேனோன்னுதான் எனக்குப் பயம்" என்றார். நிலைப்படிக்குள் நின்றுகொண்டு ரெபேக்காள் அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் இருந்த காபியை உனக்குக் கொடுக்கவே மறந்துவிட்டார்கள்.

மாமாவின் அம்மா இறந்தது அதற்கப்புறம்தான். படுக்கையிலேயே பல வருஷம் கிடந்த பாட்டி. குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் போட்டு எல்லாம் பார்த்தது அத்தை. சேதி தெரிந்ததும் நீ போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாய். மாமா அடக்க ஆராதனைக்கு உன்னைக் கேட்கவில்லை. கடலூரிலிருந்து ஒரு மூத்த ஆயரைக் கார் வைத்து வரவழைத்துவிட்டார். அவர் மத்தியானம் வந்து இறங்கினார். பெட்டி தயாராக இருந்தது. ஊரே கூடியிருந்தது. ஆயர் உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். உன்னைப் பார்த்தார்.

"செயலரே, இந்தச் சபைக்கு ஆயர் யாரு?"

பதிலுக்குக் காத்திராமல் ஆயரே சொன்னார்:

"அவுங்கதான். அடக்கம் அவுங்கதான் செய்யணும். நான் வந்ததுக்குக் கூட நிக்கிறேன், பாட்டுப் பாடுறேன்."

எல்லார் கண்ணும் மாமா மேல். அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "நேரமாவுது. எடுங்க" என்றார்.

நீ முன்னால் நடந்தாய். உனக்குப் பின்னால் பெட்டி. அதற்குப் பின்னால் ஆண்கள். பெண்கள் அழுதுகொண்டே தெருமுனை வரை வந்தார்கள். அந்த ஊரில் பெண்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போவது கிடையாது. தெருமுனையில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். எப்போதிலிருந்து என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நீ முனையைத் தாண்டினாய். ஆயர் ஆயிற்றே, நிற்க முடியுமா? நான் திரும்பிப் பார்த்தேன். பெண்கள் கூட்டம் நின்றுவிட்டது. ரெபேக்காள் அத்தை மட்டும் நிற்கவில்லை. நடந்துகொண்டே இருந்தார்கள். யாரோ பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"உடு கைய. ஐயரே பொம்பள போறாங்க. என் மாமியார நான் ஏன் முனையோட உட்டுட்டு வரணும்?"

அவ்வளவு பெரிய குரல் அவர்களுக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. இன்னொருத்தி நடந்தாள். அப்புறம் இன்னொருத்தி. வாய்க்கால் கரை நெடுக, ஒற்றையடிப் பாதையில், புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு பெண்கள் வரிசையாக வந்தார்கள். இரண்டு பக்கமும் நாற்று நட்ட பச்சை. நீ திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் உனக்குத் தெரியும். நீ பாட்டின் சுருதியை ஒரு பிடி ஏற்றிவிட்டாய். அத்தனை பெண்களும் பின்னாலிருந்து பாடியது வயல் முழுக்கக் கேட்டது. சாவு வீட்டில் இப்படிச் சொல்லலாமோ தெரியாது, எனக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது.

குழியில் பெட்டியை இறக்கியதும் மண் போட வேண்டும். எல்லாரும் மாமாவுக்கு வழிவிட்டார்கள். நீ கையில் மண்ணை எடுத்து, "இவுங்கள இத்தனை வருஷம் சுமந்தவங்க முதல்ல வாங்க" என்றாய். அத்தை மாமாவைப் பார்த்தார்கள். மாமா ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றார். அத்தை முன்னால் வந்து, நீ நீட்டிய மண்ணை வாங்கிப் போட்டார்கள்.

அடுத்த ஞாயிறு மாமா மரத்தடிக்குப் போகவில்லை. உள்ளே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்ததும் நான் வாயைக் கட்டுப்படுத்த முடியாமல், "என்ன மாமா, ஒத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒத்துக்கல சார். உள்ள உக்காந்துகினு ஒத்துக்காம இருக்கேன்."

உன்னிடம் வந்து சொன்னேன். நீ கைதட்டினாய்! "அது போதும்! அவரு மனசு அவருது. பெஞ்சுதான் எல்லாருக்கும் பொது" என்றாய்.

மாமா உன்னை எப்போதும் 'சார் வீட்டம்மா' என்றுதான் சொல்வார். உனக்கு உடம்பு கெட்டு, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நாம் அலைந்துகொண்டிருந்த சமயம், ஒருநாள் மருந்தகத்துக்கு வந்தார். மாட்டைக் கூட்டி வரவில்லை. சும்மா வந்து நின்றார்.

"ஐயருக்கு எப்பிடி இருக்குது சார்?"

சிதம்பரத்து ஆயருக்கு ஏதோ உடம்புக்கு முடியவில்லை போல என்று நினைத்து, "யாருக்கு?" என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நம்ம ஐயருக்குத்தான்" என்றார்.

நான் மருந்தகத்தை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன். நீ சுருண்டு படுத்திருந்தாய். காதருகே குனிந்து சொன்னேன். "திரும்பச் சொல்லுங்க" என்றாய். சொன்னேன். "இன்னொரு தடவ." மூன்றாவது தடவை சொல்லும்போது நீ எழுந்து உட்கார்ந்திருந்தாய். அன்றைக்கு ரசம் சோறு கேட்டுச் சாப்பிட்டாய்.

நீ நடத்திய கடைசித் திருவிருந்தில் உன்னால் நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே அப்பத்தைக் கொடுத்தாய். வரிசை எல்லாம் முடிந்த பிறகு ஆசீர்வாதம் மாமா கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். மற்றவர்களுக்குச் சொன்ன அதே வார்த்தைகளைத்தான் அவருக்கும் சொன்னாய். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகு, "பயமா இருந்துச்சு" என்றாய்.

"அவருக்கா?"

"எனக்கு."

உன்னை அடக்கம் செய்த அன்றைக்கு மொத்த ஊர்ப் பெண்களும் கல்லறைத் தோட்டத்தில் நின்றார்கள் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். இப்போதெல்லாம் அது அங்கே ஒரு செய்தியே இல்லை.

உனக்குப் பிறகு வந்த ஆயர்கள் நல்லவர்கள். இந்த வருஷம் இடமாற்றம் வந்தபோது சபைக் குழுவில் பேச்சு வந்ததாம். யாரை அனுப்பச் சொல்வது என்று ஆளுக்கு ஒன்று சொல்லியிருக்கிறார்கள். ஆசீர்வாதம் மாமா தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தாராம். இதை அத்தை எனக்கு நடித்தே காட்டினார்கள், பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் நின்று:

"பொம்பள ஐயரையே அனுப்பச் சொல்லி எழுதுங்க. ஒத்துக்காம உக்காந்து கேட்டு எனக்குப் பழகிப்போச்சு. இந்த ஆம்பளைங்க பிரசங்கத்துல எனக்குத் தூக்கம் வருது."

நேற்று ஞாயிற்றுக்கிழமை. புது ஐயரின் முதல் ஆராதனை. நான் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டேன். கம்மாபுரத்துப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. கல்யாணம் ஆகவில்லை. ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கோயில்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, அங்கியை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். ஒருத்தர் கூட வெளியே எழுந்து போகவில்லை. யாராவது போவார்களா என்று திரும்பிப் பார்த்தவன் கூட நான் ஒருத்தன்தான். அந்தப் பெண்ணுக்கு உன்னைத் தெரியாது. உன் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறாள், அவ்வளவுதான். நீ கீழே சின்ன மேசையில் நின்று பேசியது, இந்த ஆட்கள் வெளியே நின்றது எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரியாமலே பீடத்தில் ஏறினாள், அது தன் இடம் என்பது போல. இதற்காகத்தானே நீ அத்தனையும் செய்தாய்? யாரும் நினைத்துப் பார்க்கக்கூட வேண்டியிராத அளவுக்கு இது சாதாரணமாகிவிட வேண்டும் என்றுதானே?

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வாசலில் நின்று எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தாள். "பிரசங்கம் ரொம்ப நல்லா இருந்துச்சு ஐயரே" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். பிரசங்கம்! கேட்டாயா? என் முறை வந்தது. நானும் நல்லா இருந்தது என்றேன். அவள் கையை விடவில்லை.

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க சார். எங்க இழுவையா இருந்துச்சு, அதச் சொல்லுங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் நீ என்னைப் பின்கட்டில் உட்கார வைத்து, துவைக்கிற கல்லில் ஏறி நின்றுகொண்டு, மறுநாள் பிரசங்கத்தை முழுக்கச் சொல்லிக் காட்டுவாயே! முடித்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இதே கேள்வியைத்தான் கேட்பாய். நல்லா இருந்தது என்றால் திட்டுவாய். "புருஷனா கேக்காதீங்க, கடைசி பெஞ்சுல உக்காந்து கேளுங்க" என்பாய். வருஷக் கணக்கில் அப்படிக் கேட்டுக் கேட்டு, எங்கே ஜனங்கள் நெளிவார்கள், எங்கே பெருமூச்சு விடுவார்கள், எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்கு அத்துப்படியாகிவிட்டது. நான் பிரசங்கம் செய்ய மாட்டேன். செய்யத் தெரியாது. கேட்கத் தெரியும். நீ பழக்கிவிட்ட காது இது. நீ போன பிறகு இத்தனை நாளும் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"நடுவுல அந்தப் படகு கதை ரெண்டு தடவ வந்துடுச்சும்மா" என்றேன். "அப்புறம், முடிக்க வேண்டிய இடத்துல முடிக்காம மறுபடி ஆரம்பிச்சிட்டீங்க."

அவள் முகம் சுருங்குமோ என்று பயந்தேன். பளிச்சென்று மலர்ந்தது.

"எனக்கும் அங்கதான் இடிச்சுது சார்! வர்ற சனிக்கிழம சாயங்காலம் ஃப்ரீயா இருப்பீங்களா? எங்க வீட்டுல உக்காந்து கேக்க ஆளில்ல. ரெபேக்காள் அத்தையும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க."

ஃப்ரீயாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.